மக்களிடம் கற்றுக் கட்டியவர்: கட்டடக் கலைஞர் லினா போ பார்டி

யுத்தம் எந்த நாட்டில் நடந்தாலும் அது ஓய்ந்த மறுநாள் பெண்கள் கேட்கும் முதற் கேள்வி வீட்டைப் பற்றியதாகவே இருக்கும். கூரை மிஞ்சியிருக்கிறதா, கிணறு தூர்ந்து போய்விட்டதா, அடுப்பை எங்கே மூட்டுவது என்ற கேள்விகளிலிருந்துதான் மீள்குடியேற்றம் தொடங்குகின்றது. ஆனால் அந்த வீடு எப்படி அமைய வேண்டும், குசினி எந்தப் பக்கம் வரவேண்டும், ஊர்ப் பொதுக் கட்டடம் யாருக்காக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் பெண்களைக் காண்பது அரிது. வரைபடம் வேறெங்கோ வரையப்பட்டு, முடிந்த முடிபாகவே எமது கைக்கு வந்து சேருகின்றது.

நான் சமூகவியல் படித்து, சமூகப் பணியில் இருப்பவள். கட்டடக்கலை எனது துறையல்ல. ஆயினும் வீட்டுத்திட்டக் கிராமங்களுக்கும் மாதர் சங்கக் கட்டடங்களுக்கும் போய்வரும்போது ஒரு பெண்ணின் வாழ்க்கை அடிக்கடி எனது நினைவுக்கு வருவதுண்டு. குண்டுவீச்சில் தனது பணியிடத்தை இழந்து, கடல்கடந்து அந்நிய நாடொன்றில் குடியேறி, அங்கே கட்டடக் கலைஞராகவும் ஆசிரியையாகவும் வாழ்ந்து மறைந்த லினா போ பார்டி என்பவரே அவர். இத்தாலியில் பிறந்து பிரேசிலைத் தனது நாடாக ஏற்றுக்கொண்டவர். அவரைப் பற்றி எமது வாசகிகள் அறிந்திருப்பது பயனுடையது என்று எண்ணுவதால் இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

கட்டுவதற்குப் படித்தவர் கண்ட அழிவு

லினா 1914ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி ரோம் நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அக்கில்லினா போ. பெண்கள் கட்டடக்கலை படிப்பது மிக அபூர்வமாக இருந்த அக்காலத்தில் ரோம் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் சேர்ந்து 1939இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் இரண்டாம் உலக யுத்தம் வெடித்தது.

பட்டம் பெற்றவர் தொழில் தேடி வடக்கே மிலான் நகருக்குச் சென்றார். அங்கே புகழ்பெற்ற கட்டடக் கலைஞரான ஜியோ பொன்ரியுடன் பணிபுரியும் வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் யுத்த காலத்தில் யார் புதிதாக வீடு கட்டுவார்கள்? கட்டுவதற்குப் படித்த ஒரு தலைமுறையின் கண்முன்னே நாள்தோறும் நடந்தது இடிப்பு வேலைதான். ஆகவே லினா பேனாவை எடுத்தார். சஞ்சிகைகளுக்குப் படம் வரைந்தார், கட்டுரை எழுதினார். “கிராட்சியா” என்ற பெண்கள் சஞ்சிகையிலும் வீட்டின் ஒழுங்கமைப்பைப் பற்றி எழுதினார். பின்னர் “டோமுஸ்” என்ற கட்டடக்கலைச் சஞ்சிகையின் ஆசிரியர் பொறுப்பிலும் பங்கேற்றார். ஒரு சிறிய அறையில் எத்தனை பேர் நெருக்கமின்றிப் படுக்கலாம், ஒரே மேசையை எத்தனை தேவைக்குப் பயன்படுத்தலாம் போன்ற விடயங்கள் யுத்தகாலக் குடும்பங்களுக்கு அத்தியாவசியமானவை என்பதை இங்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1943 ஆகஸ்ட் மாதம் மிலான் நகர் மீது நடத்தப்பட்ட விமானக் குண்டுவீச்சில் லினாவின் அலுவலகம் அழிந்தது. யுத்தம் முடிந்த 1945இல் கட்டடக் கலைஞர் கார்லோ பகானியுடனும் படப்பிடிப்பாளர் ஃபெடரிக்கோ பட்டெல்லானியுடனும் இத்தாலியில் ஊர் ஊராகச் சென்று யுத்த அழிவுகளைப் பதிவு செய்தார். மறு ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து “ஏ” என்ற பெயரில் வார இதழொன்றைத் தொடங்கினார். சாதாரண மக்களின் வீடு, சுகாதாரம், வாழ்க்கை ஆகியவற்றைப் பேசிய அவ்விதழ் சில மாதங்களே வெளிவந்தது.

அழிவைக் கண்ட ஒருவருக்குக் கட்டடம் என்பது வெறும் அழகுப் பொருளாக இருக்க முடியாது. பிற்காலத்தில் அவர் கட்டிய எல்லாவற்றிலும், இது மக்களுக்கு எதற்குப் பயன்படும் என்ற கேள்வியே முன்னுக்கு நின்றது. அந்தக் கேள்வியின் வேர் இந்த ஆண்டுகளில் இருக்கின்றது என்றே நான் கருதுகின்றேன்.

கடல் கடந்த பயணம்

1946இல் லினா, பியட்ரோ மரியா பார்டி என்பவரைத் திருமணம் செய்தார். அவர் பத்திரிகையாளர், ஓவியக் கூடங்களை நடத்தியவர். அதே ஆண்டு இருவரும் கப்பலேறி ஒக்ரோபர் மாதம் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தை அடைந்தனர். அங்கே பத்திரிகை, வானொலி நிறுவனங்களின் அதிபரான அசிஸ் ஷாட்டோபிரியான் என்பவர் நூதனசாலையொன்றை அமைத்துத் தருமாறு பியட்ரோவைக் கேட்டுக்கொண்டார். அதன்படி 1947இல் சாவோ பாவுலோ நகரில், அந்தப் பத்திரிகை நிறுவனத்தின் கட்டடத்திலேயே “சாவோ பாவுலோ கலை நூதனசாலை” திறக்கப்பட்டது. அதன் உள்ளமைப்பை லினா வடிவமைத்தார்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லினாவின் இடப்பெயர்வும் எமது இடப்பெயர்வும் ஒன்றல்ல. அவர் உரப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கையிற் பிடித்தபடி ஓடியவர் அல்லர். படிப்பும் தொடர்புகளும் ஓவியச் சேகரிப்பும் உடைய தம்பதியினராகவே அவர்கள் பிரேசிலில் இறங்கினர். கணவர் பியட்ரோ முசோலினியின் ஆட்சிக் காலத்தில் அந்தக் கட்சியில் உறுப்பினராக இருந்தவர் என்பதும் வரலாறு. ஆகவே லினாவைப் புனிதவதியாக்கி உங்கள் முன் நிறுத்துவது எனது நோக்கமன்று. தனக்குக் கிடைத்த வசதியை அவர் எங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

1951இல் அவர் பிரேசில் நாட்டுக் குடியுரிமையைப் பெற்றார். அதே ஆண்டில் சாவோ பாவுலோ நகரின் புறத்தே மொறும்பி என்னும் இடத்தில் அவர் தமக்கெனக் கட்டிய வீடு நிறைவுற்றது. முன்பு தேயிலைத் தோட்டமாக இருந்த சரிவான நிலத்தில் மெல்லிய தூண்களின் மேல் நிற்கும் அவ்வீட்டின் முன்பகுதி முழுவதும் கண்ணாடி. நடுவே ஒரு மரம் வெட்டப்படாமல் வீட்டினூடாகவே வளர விடப்பட்டது. “கண்ணாடி வீடு” என்றே இன்றும் அது அழைக்கப்படுகின்றது. அதுவே கட்டடமாக எழுந்த அவரது முதல் வடிவமைப்பு. அப்போது அவருக்கு வயது 36. பட்டம் பெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே முதற் கட்டடம். யுத்தம் தொழிலை எவ்வளவு காலம் பின்தள்ளிவிடும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

ஆசிரியை என்ற முகம்

லினாவைப் பற்றி எழுதுவோர் கட்டடங்களையே பெரிதாகப் பேசுவர். ஆனால் கற்பித்தலும் அவரது வாழ்வின் பாதியாக இருந்தது. 1951இல் நூதனசாலையுடன் இணைந்து கைத்தொழில் வடிவமைப்பைக் கற்பிக்கும் நிறுவனமொன்று தொடங்கப்பட்டபோது அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தார். அதற்கு முன்னரே 1950இல் “ஹாபிட்டாட்” என்ற சஞ்சிகையைக் கணவருடன் தொடங்கி, பெருங்கட்டடங்களையும் ஏழை மக்களின் குடிசைகளையும் கைவினைகளையும் அதே பக்கங்களில் அருகருகே பிரசுரித்தார்.

1950களின் நடுப்பகுதியில் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பீடத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார். அங்கே கட்டடக்கலைக் கோட்பாட்டுக்கான நிரந்தரப் பதவியைக் கருதி 1957இல் விரிவான ஆய்வுரையொன்றையும் எழுதிச் சமர்ப்பித்தார். பதவி கிடைக்கவில்லை. ஒரு பெண், அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவர். கதவுகள் அவ்வளவு இலகுவாகத் திறப்பதில்லை.

ஆயினும் அந்த மூடிய கதவு அவரை வேறொரு திசைக்கு அனுப்பியது. 1958இல் பிரேசிலின் வடகிழக்கிலுள்ள சால்வடோர் நகரின் பல்கலைக்கழகத்தில் விரிவுரை நிகழ்த்த அழைப்பு வந்தது. கற்பிக்கப் போனவர் அங்கே கற்றுக்கொண்டார். அவரது வாழ்க்கையின் திருப்புமுனை அதுவே.

போத்தல் விளக்கும் ஒட்டுத்துணிப் போர்வையும்

பிரேசிலின் வடகிழக்குப் பகுதி நீண்டகால வரட்சிக்கும் வறுமைக்கும் பெயர்போனது. ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் சந்ததியினர் பெருமளவில் வாழும் பிரதேசம். 1959இல் சால்வடோரில் புதிதாக அமைந்த நவீன கலை நூதனசாலையின் பணிப்பாளராக லினா நியமிக்கப்பட்டார். அவர் சந்தைகளுக்கும் கிராமங்களுக்கும் சென்று மக்களின் கைப்பொருட்களைச் சேகரிக்கத் தொடங்கினார்.

என்ன பொருட்கள் தெரியுமா? வெற்றுத் தகரப் பேணியை வெட்டி ஒட்டிச் செய்த மண்ணெண்ணெய் விளக்குகள். எரிந்துபோன மின்குமிழைக் கழற்றி எண்ணெய் விட்டுத் திரி போட்டுச் செய்த விளக்குகள். கந்தல் துண்டுகளை இணைத்துத் தைத்த போர்வைகள். மண்பானைகள், மரக் கரண்டிகள், நேர்த்திக்கடனுக்காகச் செதுக்கிய மர உருவங்கள். இவற்றையெல்லாம் 1963இல் “நோர்டெஸ்ரே”, அதாவது “வடகிழக்கு” என்ற பெயரில் பெரிய கண்காட்சியாக வைத்தார்.

இதனை வாசித்தபோது எனக்கு எங்கள் ஜாம்போத்தல் விளக்குகள் நினைவுக்கு வந்தன. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கே விலை சொல்ல முடியாத நாட்களில், ஜாம்போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் ஒரு சிறு திரியும் வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் நாங்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள். அவற்றை யாரும் கண்காட்சியில் வைக்கவில்லை. நான் இந்தக் கண்காட்சியைப் பற்றி ஒரு கூட்டத்திற் சொன்னபோது வயதான அம்மா ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பிள்ளை, படிச்ச ஆக்கள் செய்தால் அது கண்டுபிடிப்பு. நாங்கள் செய்தால் பஞ்சம் எண்டு சொல்லுவினம்.”

லினா சொல்ல முயன்றதும் ஏறக்குறைய அதுவேதான். இவை பரிதாபப்பட்டுப் பார்க்க வேண்டிய ஏழ்மையின் சின்னங்கள் என்றோ, உல்லாசப் பயணிகள் வாங்கிச் செல்லும் நினைவுப் பொருட்கள் என்றோ அவர் கருதவில்லை. கையில் ஒன்றுமில்லாத நிலையில் அறிவைப் பயன்படுத்தி மனிதர் கண்ட தீர்வுகள் என்றே மதித்தார். பேணி விளக்கைச் செய்த கைக்கு வடிவமைப்புத் தெரியும். அந்த அறிவிலிருந்தே அந்த நாட்டின் கைத்தொழில் வளர வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

இக்கருத்து எமக்கு மிக நெருக்கமானது. வாழ்வாதாரப் பயிற்சி என்ற பெயரில் எத்தனையோ சுவர்த் தொங்கல்களையும் பூச்சாடிகளையும் செய்யப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தாயிற்று. திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் இரக்கப்பட்டு ஒன்றிரண்டு வாங்குவர். அடுத்த மாதம் யார் வாங்குவது? பனையோலைப் பெட்டியும் சுளகும் நீத்துப்பெட்டியும் அப்படியானவை அல்ல. ஒரு தேவைக்காகப் பிறந்து, பல தலைமுறைக் கைகளில் திருத்தப்பட்டு வந்தவை. பயன்படும் பொருளுக்கு இரக்கம் தேவைப்படாது என்பதே லினாவின் வடகிழக்கு ஆண்டுகள் எமக்குத் தரும் பாடம் எனலாம்.

ஆணியில்லாப் படிக்கட்டு

இந்தக் கண்காட்சி நடந்த இடமே ஒரு கதை. சால்வடோரின் கடற்கரையில் “சோலார் டோ உன்ஹாவோ” என்ற குடியேற்றக்காலக் கட்டடத் தொகுதி சிதைந்து கிடந்தது. சீனிப் பொருளாதாரமும் அடிமை முறையும் நிலவிய காலத்தின் எச்சம் அது. அதை இடித்துவிடாமலும் பழைய பளபளப்போடு பொம்மைபோல் ஆக்கிவிடாமலும் லினா திருத்தினார். மாளிகையின் உள்ளே புதிய மரப் படிக்கட்டொன்றை அமைத்தார். அதில் ஆணியே இல்லை. பலகைகள் துளைகளினூடாகச் செருகப்பட்டு மர ஆப்புகளால் இறுக்கப்பட்டுள்ளன. இந்த உத்தியை அவர் எங்கிருந்து எடுத்தார்? அப்பகுதி மக்களின் மாட்டு வண்டிகளிலிருந்து. வண்டில் செய்யும் தச்சரின் அறிவு நூதனசாலையின் நடுவே ஏறி நின்றது. இன்று அந்தப் படிக்கட்டைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து கட்டடக்கலை மாணவர்கள் செல்கின்றனர்.

இதே வளாகத்தில் ஒரு பாடசாலையையும் தொடங்க அவர் திட்டமிட்டார். பல்கலைக்கழகத்தில் வரைபடம் கற்கும் மாணவரும் பட்டறையில் வேலை தெரிந்த கைவினைஞரும் ஒரே கூரையின் கீழ் இருந்து ஒருவரிடம் ஒருவர் கற்க வேண்டும் என்பதே திட்டம். வரையத் தெரிந்தவனுக்குச் செய்யத் தெரியாது, செய்யத் தெரிந்தவனுக்கு வரைய வாய்ப்பில்லை என்ற பிரிவினையை உடைக்கவே அவர் விரும்பினார்.

அந்தப் பாடசாலை நடக்கவில்லை. 1964இல் பிரேசிலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. லினா சால்வடோரிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. வடகிழக்கு மக்களின் கைவினைகளை 1965இல் ரோம் நகரில் காட்சிக்கு வைக்கச் செய்யப்பட்ட ஏற்பாடும் பிரேசில் அதிகாரிகளால் தடுக்கப்பட்டது. தன் மக்களின் பேணி விளக்கை உலகம் பார்ப்பதை ஓர் இராணுவ அரசு ஏன் அஞ்ச வேண்டும்? வறுமையை வெளியே காட்டக்கூடாது என்பது ஒரு காரணம். அந்த மக்களுக்கு அறிவும் ஆற்றலும் உண்டு என்பதை ஏற்றுக்கொள்ள மனமில்லாதது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

நிலத்தை மக்களுக்கு விட்ட கட்டடம்

சாவோ பாவுலோ கலை நூதனசாலைக்கு சொந்தக் கட்டடம் வேண்டியிருந்தது. நகரின் முக்கிய வீதியான பாவுலிஸ்டா வீதியில், உயரமான ஓரிடத்தில் அது அமைவதெனத் தீர்மானமாயிற்று. அங்கிருந்து பார்த்தால் நகரத்தின் மையப்பகுதி தெரியும். கட்டடம் எழுந்தால் அந்தக் காட்சி மறைந்துவிடும்.

லினாவின் விடை துணிச்சலானது. கட்டடத்தை நிலத்தில் நிறுத்தாமல் தூக்கி வைத்தார். இரு பக்கங்களிலும் பெரிய கொங்கிறீற் தூண்கள். அவற்றுக்கு மேலாகப் பாரிய விட்டங்கள். நூதனசாலை அவற்றிலே தாங்கப்பட்டு நிலத்திலிருந்து ஏறத்தாழ 8 மீற்றர் உயரத்தில் நிற்கின்றது. தூண்களுக்கு இடையேயான நீளம் 74 மீற்றர். அவ்வளவு தூரத்துக்கும் இடையில் ஒரு தூண்கூட இல்லை. அதனைச் சாத்தியமாக்கிய பொறியியலாளர் ஃபிகுவெய்ரெடோ ஃபெராஸ். 1957 அளவில் தொடங்கிய திட்டம் 1968 நவம்பரில் திறந்து வைக்கப்பட்டது. திறப்பு விழாவுக்கு இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் மகாராணியும் வந்திருந்தார்.

கட்டடத்தின் கீழே கிடைத்த பரந்த முற்றத்தை லினா வெறுமையாகவே விட்டார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம், பிள்ளைகள் ஓடி விளையாடலாம், சந்தை கூடலாம். இராணுவ ஆட்சி முடிந்த பின்னர் அந்த முற்றம் நகர மக்கள் தங்கள் கோரிக்கைகளோடு ஒன்றுகூடும் இடமாகவும் ஆயிற்று. அத்தனை விலையுயர்ந்த நிலத்தில் மிகப் பெறுமதியான பகுதியை யாருக்கும் சொந்தமில்லாததாக, ஆகவே எல்லோருக்கும் சொந்தமானதாக விட்டுவைத்தது சிறிய காரியமன்று.

உள்ளேயும் ஒரு புதுமை. ஓவியங்களைச் சுவரிலே மாட்டாமல், கொங்கிறீற் கட்டையிற் செருகிய கண்ணாடிப் பலகைகளில் நிறுத்தினார். ஓவியரின் பெயரும் விளக்கமும் பின்புறத்தில். பெரிய பெயரைக் கண்டு பயந்து மரியாதை செய்யாமல் முதலில் உன் கண்ணால் பார், பிறகு பெயரை வாசி என்பது அதன் பொருள். இந்தக் கண்ணாடி நிறுத்திகள் 1996இல் அகற்றப்பட்டு, 2015இல் மீண்டும் வைக்கப்பட்டன.

இடிக்காமல் விட்ட தொழிற்சாலை

இராணுவ ஆட்சியின் கடுமையான ஆண்டுகளில் லினாவுக்குக் கட்டட வேலைகள் அதிகம் வரவில்லை. நாடக மேடைகளையும் திரைப்படக் காட்சிகளையும் வடிவமைத்து வந்தார். மீண்டும் பெரிய அழைப்பு வந்தது 1977இல், அவரது 62ஆவது வயதில். எமது சமூகத்தில் அந்த வயதுப் பெண்ணை “இனி என்ன, பேரப்பிள்ளைகளைப் பாருங்கோ” என்று மூலையில் இருத்திவிடுவோம்.

அழைத்தது “செஸ்க்” என்ற சமூக சேவை நிறுவனம். வர்த்தகத் துறை ஊழியர்களின் நலனுக்காக 1946இல் உருவாக்கப்பட்டது. சாவோ பாவுலோவின் பொம்பேயா பகுதியில், முன்பு பீப்பாய்கள் செய்யப்பட்ட பழைய தொழிற்சாலையொன்று அதன் கையில் இருந்தது. அங்கே ஓய்வு, கலை, விளையாட்டு நிலையம் ஒன்று அமைய வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதுதான் வழமை.

லினா இடத்தைப் பார்க்கப் போனார். ஒரு விடுமுறை நாளில் போனபோது பிள்ளைகள் ஓடுகிறார்கள், இளைஞர்கள் பந்து விளையாடுகிறார்கள், தாய்மார் உணவு சமைத்துக் கொடுக்கிறார்கள், முதியவர்கள் அமர்ந்து பேசுகிறார்கள். கூரை ஒழுகிய இடத்திலும் சனங்கள் மகிழ்ச்சியாக இருந்தார்கள். இந்த மகிழ்ச்சி அப்படியே தொடர வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆகவே தொழிற்சாலை இடிக்கப்படவில்லை. செங்கற் சுவர்களின் சாந்து சுரண்டப்பட்டு, கூரை திருத்தப்பட்டு, உள்ளே வாசிகசாலை, அரங்கு, உணவுச்சாலை, மட்பாண்டம், தச்சு, நெசவு ஆகியவற்றைப் பழகும் பட்டறைகள் என்பன அமைந்தன. பெரிய மண்டபத்தின் தரையில் சிற்றாறுபோல் நீர் ஓடும் வாய்க்காலொன்றும், குளிர்காலத்தில் சுற்றியிருந்து பேச நெருப்பிடமொன்றும் வைத்தார். 1982இல் இப்பகுதி திறக்கப்பட்டது.

விளையாட்டுக்கான பகுதி 1986இல் நிறைவுற்றது. அந்தக் காணியின் நடுவே நிலத்தடியில் நீரோடை ஒன்று செல்வதால் அதன் மேல் கட்டடம் எழுப்ப முடியாது. எனவே ஓடையின் இரு புறமும் இரண்டு கொங்கிறீற் கோபுரங்களைக் கட்டி, அவற்றை ஆகாயத்தில் பாலங்களால் இணைத்தார். ஓடைக்கு மேலே மரப்பலகை நடைபாதை அமைத்தார். கடற்கரைக்குப் போக வசதியில்லாத நகரத்து மக்கள் அதில் வெயில் காய்ந்து படுத்திருப்பார்கள். கோபுரத்து யன்னல்களுக்குக் கண்ணாடி இல்லை. குகைவாய் போன்ற ஒழுங்கற்ற துவாரங்கள், அவற்றுக்கு மர அழிகள். காற்று தானாக வரும். தடையாக வந்த ஓடையே அந்தக் கட்டடத்தின் அழகுக்குக் காரணமாயிற்று.

கட்டட வேலை நடந்த ஆண்டுகளில் லினா தமது அலுவலகத்தை அந்தக் காணிக்குள்ளேயே வைத்திருந்தார். அண்மையிற் பட்டம் பெற்ற இளைஞர்களான மார்செலோ ஃபெராஸ், அந்திரே வைனர் ஆகியோர் உடன் பணிபுரிந்தனர். மேசன், தச்சர், பொறியியலாளர் எல்லோருடனும் பேசிப் பேசியே பல விடயங்கள் முடிவாயின. பல்கலைக்கழகம் கொடுக்காத வகுப்பறையை அவர் சீமெந்துத் தூசிக்குள் அமைத்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். அவரிடம் பழகிய அந்த இளைஞர்களே பிற்காலத்தில் அவரது பணியை நூலாக்கி உலகறியச் செய்தனர்.

ஊர் கூடிக் கட்டிய கோவில்

இதே காலத்தில் சிறிய வேலையொன்றும் நடந்தது. எனக்கு அவரது கட்டடங்களுள் மிகவும் பிடித்தது இதுவே. உபெர்லாண்டியா என்ற நகரின் வறிய குடியிருப்பொன்றில் பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் தேவாலயம் கட்ட விரும்பினர். பணம் இல்லை. 1976இல் தொடங்கி 1982வரை மெல்ல மெல்ல அந்த வேலை நடந்தது. ஆண்கள், பெண்கள், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சிரமதானமாகக் கட்டினர். உள்ளூர்ச் செங்கல், உள்ளூர் மரம். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வட்டங்களாக ஆலயம், கன்னியாஸ்திரிகளின் விடுதி, ஊர் மண்டபம் என்பன சரிவிலே இறங்குகின்றன. பக்கத்தில் இளைஞருக்கு விளையாட்டுத் திடல்.

கட்டடத்தைப் பெற்றுக்கொள்பவர்களும் அதைக் கட்டுபவர்களும் வேறு வேறு ஆட்களாக இருக்கத் தேவையில்லை என்பதை அந்தச் சின்னக் கோவில் காட்டுகின்றது. தான் கல் சுமந்த கட்டடத்தை எவரும் பாழடைய விடமாட்டார்கள். கையளிப்பு விழாவுக்குப் பின்னர் பூட்டுப் போட்ட பொது மண்டபங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த எனக்கு இதன் பெறுமதி நன்றாகத் தெரிகின்றது.

எமக்கு எஞ்சுவது

லினா போ பார்டி 1992 மார்ச் 20ஆம் திகதி தமது கண்ணாடி வீட்டில் காலமானார். வாழ்ந்த காலத்தில் அவருக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. நூதனசாலை என்றால் கணவரின் பெயரே முன்னால் வந்தது. 2021இல் வெனிஸ் கட்டடக்கலைக் கண்காட்சி, வாழ்நாள் சாதனைக்கான விசேட தங்கச் சிங்க விருதை அவரது நினைவாக வழங்கிற்று. அவர் மறைந்து 29 ஆண்டுகளின் பின்.

விருது தாமதமாக வரட்டும், அல்லது வராமலே போகட்டும். எமக்கு வேண்டியவை அவரது வாழ்க்கையிலுள்ள சில எளிய நடைமுறைகள். எதையும் இடிப்பதற்கு முன் அங்கே சனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று போய்ப் பார்த்தார். செய்யத் தெரிந்தவர்களை மாணவர்களாக மட்டும் நினைக்காமல் ஆசிரியர்களாகவும் ஏற்றார். பொது இடத்தைப் பொதுவாகவே விட்டார். ஒரு கதவு மூடியபோது அடுத்த ஊருக்குப் போய் வேலையைத் தொடர்ந்தார்.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் நாளை ஒரு முன்பள்ளியோ மாதர் சங்கக் கட்டடமோ சந்தையோ வரக்கூடும். வரைபடத்தோடு அலுவலர் வரும்போது விரித்துக் காட்டச் சொல்லுங்கள். அது எந்த மொழியில் இருந்தாலும் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. குழந்தையோடு வரும் தாய் எங்கே இருப்பாள், மலசலகூடத்துக்கு இரவில் வெளிச்சம் உண்டா, ஊன்றுகோலோடு வருபவர் படியேற முடியுமா, மாரி வெள்ளம் எந்தப் பக்கத்தால் ஓடும், நிற்கும் வேம்பை வெட்டத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை. அந்த இடத்தில் வாழ்ந்த அனுபவம் போதும். அது உங்களிடம் நிறையவே இருக்கின்றது.